ஸ்டோர்ம் என்றொரு டிஜே

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் கெட்டரிங் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. ஒரு காலத்தில் சப்பாத்துத் தொழிற்சாலைகளுக்குப் பெயர்போன ஊர். ஜேன் கொனீலியும் கெமி ஒலுசன்யாவும் அந்த ஊர்ச் சிநேகிதிகள். ஜேன் எக்ஸ்ரே எடுக்கப் படித்தவர். கெமி முக ஒப்பனை படித்தவர். தகப்பன் வழியில் நைஜீரியர். 1990களின் தொடக்கத்தில் இருவரும் லண்டனில் இருந்தபோது, காசு சேர்த்து டேர்ன்டேபிள் வாங்கி, இசைத்தட்டுகளை ஒன்றோடொன்று கலக்கப் பழகினார்கள். சில வருடங்களில் ரேவ் என்ற விடிய விடிய நடக்கும் நடன விழாக்களின் விளம்பரத் தாள்களில் அவர்களின் பெயர் கெமிஸ்ட்ரி அன்ட் ஸ்டோர்ம் என்று அச்சாகத் தொடங்கியது. கெமிதான் கெமிஸ்ட்ரி. ஜேன்தான் ஸ்டோர்ம்.

இவர்களைப் பற்றி எழுத நான் யார் என்று கேட்பீர்கள். இசை விமர்சகன் இல்லை. அந்தக் காலத்தில் கிழக்கு லண்டனில் ஒரு பெற்றோல் செட்டில் இரவு வேலை பார்த்தவன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களில் நிறையப் பேர் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்துதான் லண்டனைப் பார்த்தோம். சனி இரவில் கார்கள் வரிசையாக வரும். உள்ளே இருந்து வரும் பேஸ் சத்தத்தில் என் கூண்டின் கண்ணாடி அதிரும். வியர்வையில் தோய்ந்த பெடியளும் பெட்டையளும் தண்ணீர்ப் போத்தல், சூயிங்கம், சிகரெட் பேப்பர் வாங்கிக்கொண்டு போவார்கள். கண்மணி விரிந்த முகங்களையும் பார்த்திருக்கிறேன். போதை மாத்திரை அந்த உலகத்தில் இருந்தது, அதனால் பிள்ளைகள் செத்ததும் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் எல்லோரும் அதற்காக மட்டும் அங்கே போகவில்லை என்பது, கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த றேடியோவின் முள்ளை 94.5க்குத் திருப்பியபோது எனக்கு விளங்கியது.

அங்கே கூல் எஃப்.எம். இருந்தது. 1991இல் ஹக்னியில் தொடங்கிய, உரிமம் இல்லாத வானொலி. மாடிக் குடியிருப்புகளின் உச்சியில் இரவோடு இரவாக ஏரியல் கட்டுவார்கள், அதிகாரிகள் வந்து கழற்றுவார்கள், மறுபடியும் கட்டுவார்கள். அதில் ஓடிய வேகமான இசை எனக்கு முதலில் தலையிடி. பிறகு பழக்கம். பிறகு அது இல்லாமல் இரவு நகராது.

வேகம் எங்கிருந்து வந்தது?

1980களின் கடைசியில் சிக்காகோவின் ஹவுஸ் இசையும் டிட்ரோய்டின் டெக்னோவும் இங்கிலாந்துக்கு வந்து இறங்கின. கிளப்புகள் நேரத்தோடு பூட்டியதால் கூட்டம் வெளியே போனது. லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலையை அண்டிய வயல்களிலும் வெறுமையான கிடங்குகளிலும் ஆயிரக்கணக்கானோர் விடிய விடிய ஆடினார்கள். இடத்தைக் கடைசி நேரம் வரை சொல்லமாட்டார்கள். ஒரு தொலைபேசி எண் மட்டும் கொடுப்பார்கள். அடித்தால் பதிவு செய்த குரல் வழி சொல்லும். 1990இல் அரசாங்கம் அனுமதியில்லாத களியாட்டங்களுக்கான தண்டத்தை 20,000 பவுண் வரை உயர்த்தியது. 1994இல் வந்த குற்றவியல் நீதிச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போய், திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளத்தையே சட்ட வாசகத்துக்குள் கொண்டுவந்தது. ஒரு பாராளுமன்றம் தாளத்துக்கு வரைவிலக்கணம் எழுதியது உலகில் வேறெங்கும் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்த நெருக்குவாரத்துக்குள் லண்டன் பெடியள் ஒரு புது வேலை செய்தார்கள். அமெரிக்க ஃபங்க் பாடல்களில் பாட்டு நின்று டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலிக்கும் சில விநாடிகளைச் சாம்ப்ளர் இயந்திரத்தில் வெட்டி எடுத்து, வேகத்தைக் கூட்டி, மாற்றி ஒட்டினார்கள். அதிகம் வெட்டப்பட்டது 1969இல் வின்ஸ்டன்ஸ் என்ற குழு வெளியிட்ட 'ஆமென், பிரதர்' என்ற பாடலின் நடுவில் வரும் ஏறக்குறைய ஆறு விநாடி டிரம்ஸ். வாசித்தவர் கிரெகரி கோல்மன். அந்த ஆறு விநாடிக்கு மேல் ஆயிரக்கணக்கான பாடல்கள் கட்டப்பட்டன. கோல்மனுக்கு அதில் ஒரு சதமும் கிடைக்கவில்லை. 2006இல் வீடில்லாத நிலையில் செத்துப்போனார்.

ஹவுஸ் இசை நிமிடத்துக்குச் சுமார் 120 முதல் 125 அடி. 1992இன் ஹார்ட்கோர் என்ற ரேவ் இசை 140ஐத் தாண்டிவிட்டது. அடுத்து வந்த ஜங்கிள் 160ஐத் தொட்டது. டிரம் அன்ட் பேஸ் என்று பெயர் மாறிய காலத்தில் 170. கேட்கும்போது மூச்சு வாங்கும் என்று நினைப்பீர்கள். ஆனால் அடியில் ஓடும் பேஸ் ஜமேக்கா றெகே இசையிலிருந்து வந்தது. அது டிரம்ஸின் பாதி வேகத்தில் நடக்கும். மேலே ஓட்டம், கீழே நடை. ஆடுகிறவர் எதைப் பிடித்துக்கொண்டும் ஆடலாம். அதனால்தான் ஒரே இடத்தில் ஒருவன் துள்ளுவான், பக்கத்தில் ஒருத்தி மெதுவாகத் தோளை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பாள்.

கூட்டிக்கொண்டு போனவர் யார்?

இந்த மாற்றம் நடந்த முக்கியமான இடங்களில் ஒன்று ஹெவன் கிளப். சேரிங் குறொஸ் ரயில் நிலையத்தின் வளைவுகளுக்குக் கீழே இருக்கிறது. வியாழக்கிழமைகளில் அங்கே ரேஜ் என்ற நிகழ்ச்சி. ஃபாபியோவும் குரூவ்ரைடரும் பாட்டுப் போடுவார்கள். கெமியும் ஜேனும் அங்கே தவறாமல் போனார்கள்.

அப்போது கெமி கேம்டனில் ஒரு கடையில் வேலை பார்த்தார். அங்கேதான் கோல்டியைச் சந்தித்தார். மிட்லண்ட்ஸ் பகுதியில் கிராஃபிட்டி ஓவியனாகப் பெயர் எடுத்து, அமெரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்த ஆள். பல்லில் தங்கம். ஹிப்ஹொப் தெரியும், இந்த ரேவ் உலகம் தெரியாது. அவரை ரேஜுக்குக் கூட்டிக்கொண்டு போனவர் கெமி. அங்கே நின்றுதான் மூவரும் கனவு கண்டார்கள்: பெண்கள் இருவரும் டிஜே, கோல்டி இசை செய்வார், சொந்தமாக இசைத்தட்டு லேபிள், சொந்தமாக ஒரு கிளப் இரவு.

பேச்சோடு போகாமல் எல்லாம் நடந்தது. கோல்டி 1992இல் வெளியிட்ட 'டெர்மினேட்டர்' என்ற பாடல் அந்த உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்தது. 1994இல் மூவரும் மெட்டல்ஹெட்ஸ் லேபிளைத் தொடங்கினார்கள். ஹெட்போன் மாட்டிய மண்டையோடு அதன் சின்னம். 1995இல் கோல்டியின் 'டைம்லெஸ்' இசைத்தொகுப்பு இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் 7ஆம் இடத்துக்கு வந்தது. பத்திரிகைகள் கோல்டியின் படத்தைப் போட்டன. லேபிளின் அன்றாட வேலைகளையும் பார்த்து, வார இறுதியில் மேடையும் ஏறிய இரு பெண்களின் பெயர் பெரும்பாலும் கட்டுரையின் நடுவில் எங்கேயோ வந்துபோனது.

இரண்டு தட்டு வேலை

டிஜே என்றால் பாட்டுப் போடுகிறவர், அதில் என்ன பெரிய வித்தை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வித்தை இருக்கிறது.

அன்று எல்லோரும் வைத்திருந்தது டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 என்ற டேர்ன்டேபிள். அதன் வலது ஓரத்தில் ஒரு நழுவு விசை இருக்கும். அதை நகர்த்தினால் தட்டின் வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டலாம், குறைக்கலாம். இடப்பக்கத் தட்டு 165 அடியில் ஓடுகிறது, அடுத்துப் போடவேண்டியது 160 அடி என்று வையுங்கள். இடப்பக்கத்தைச் சனம் கேட்டு ஆடிக்கொண்டிருக்கும். வலப்பக்கத்தை டிஜே மட்டும் ஹெட்போனில், ஒரு காதில் கேட்பார். விசையை ஏறக்குறைய 3 சதவீதம் கூட்டினால் வேகம் பொருந்தும். வேகம் பொருந்தினால் போதாது. முதல் அடி முதல் அடியோடு விழவேண்டும். ஒரே உரலில் இரண்டு பேர் மாறி மாறி உலக்கை போட்டு இடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருத்தி கொஞ்சம் பிந்தினாலும் உலக்கை உலக்கையில் முட்டும். அதே நிலைமைதான். 170 அடி வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய மூன்று அடி வரும். பிந்துவதற்கு அங்கே இடமே கிடையாது.

பொருந்தியபின் பழைய பாட்டின் பேஸைக் குறைத்து, புதியதின் பேஸைத் திறக்கவேண்டும். இரண்டு பேஸும் ஒன்றாகப் போனால் சேறுபோலக் கலங்கிவிடும். எந்தப் பாட்டுக்குப் பிறகு எது, எந்த இடத்தில் டிரம்ஸை நிறுத்தி ஆட்களை ஏங்கவிடுவது என்பதெல்லாம் அந்த இடத்திலேயே எடுக்கவேண்டிய முடிவு.

இதற்குமேல் டப்பிளேட் என்றொன்று இருந்தது. இன்னும் கடைக்கு வராத பாடலை ஒரே ஒரு பிரதியாக அசற்றேட் தட்டில் வெட்டிக்கொள்வார்கள். அலுமினியத்தின் மேல் அரக்குப் பூச்சு. ஊசி படப்படப் பள்ளம் தேயும். சில பத்துத் தடவை போட்டால் சத்தம் மங்கிவிடும். வட லண்டனில் மியூசிக் ஹவுஸ் என்ற வெட்டும் கடைக்கு முன்னால் பெரிய டிஜேக்கள் எல்லோரும் காத்துக்கிடப்பார்கள். அங்கேயே இசை செய்கிறவனும் டிஜேயும் சந்திப்பார்கள். ஒருவரிடம் டப்பிளேட் கொடுப்பது நம்பிக்கையின் அடையாளம். கெமிஸ்ட்ரியும் ஸ்டோர்மும் அந்த நம்பிக்கையைப் பெற்றவர்கள். அழகுக்காக மேடையில் நிறுத்தப்பட்டவர்கள் கையில் யாரும் வெளிவராத பாடலைக் கொடுக்கமாட்டார்கள்.

ஞாயிறும் திங்களும்

1995இல் மெட்டல்ஹெட்ஸுக்குச் சொந்த இரவு வந்தது. ஹொக்ஸ்டன் சதுக்கத்தில் புளூ நோட் என்ற கிளப், ஞாயிறு மாலைகள். இன்று அந்தப் பகுதியில் ஒரு கோப்பியின் விலை கேட்டால் நெஞ்சு அடைக்கும். அன்று அது ஆளரவம் இல்லாத, பாழ் விழுந்த இடம். கிளப்பும் பெரிதில்லை. ஆனால் பாடகர் டேவிட் போவி போன்றவர்கள் அங்கே வந்து போனார்கள். போவி 1997இல் வெளியிட்ட 'ஏர்த்லிங்' தொகுப்பைக் கேட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளின் சுவடு தெரியும்.

என்னை அந்தக் கட்டடத்துக்குள் கொண்டுபோனது ஞாயிறு அல்ல, திங்கள். ஞாயிறு மெட்டல்ஹெட்ஸ் என்றால், திங்கட்கிழமை அதே புளூ நோட்டில் தபலா கலைஞர் தல்வின் சிங்கின் அனோகா இரவு. நம் பக்கத்து ஓசைகளையும் அதே 170 அடி டிரம்ஸையும் பிணைத்த இடம் அது. 1997இல் அனோகா பெயரில் வெளிவந்த இசைத்தொகுப்பில் ஏ.ஆர். ரஹ்மானின் 'பம்பாய்' படக் கருவி இசையும் இருக்கிறது, 'மும்பை தீம் டியூன்' என்ற பெயரில். சென்னையில் பதிவான புல்லாங்குழல் ஹொக்ஸ்டனின் ஜங்கிள் பெடியள் கைக்குப் போய்ச் சேர்ந்தது இப்படித்தான். என்னோடு வேலைசெய்த குஜராத்திப் பெடியன் ஒருவன் வேலை இல்லாத திங்களில் என்னை இழுத்துக்கொண்டு போனான். பிறகு ஒரு ஞாயிறும் போய்ப் பார்ப்போம் என்றான்.

அந்த ஞாயிறில் மேடையில் இரண்டு பெண்கள் நின்றார்கள். கெமிக்கு நீளமான சடைமுடி. ஸ்டோர்ம் தட்டுப் பெட்டிக்குள் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். யாரும் பேசி ஆள் சேர்க்கவில்லை. ஒருவர் போடும்போது மற்றவர் பக்கத்தில் நின்று கேட்டார். எனக்குத் தொழில்நுட்பம் அவ்வளவு தெரியாது. ஆனால் ஒரு பாட்டு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று பிடிக்க முயன்று தோற்றுப்போனேன். கூட்டத்தில் பாதி ஆண்கள், கைகளை நெஞ்சுக்கு முன் இறுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஆடினார்கள். மேடையில் பெண் நிற்கிறாள் என்று யாரும் வாய்பார்க்கவில்லை.

1999

அந்த வருடம் ஜனவரியில் பெர்லினின் கே செவன் நிறுவனம் தன் புகழ்பெற்ற 'டிஜே கிக்ஸ்' வரிசையில் கெமிஸ்ட்ரி அன்ட் ஸ்டோர்மின் கலவையை வெளியிட்டது. வீட்டு வரவேற்பறை வரைக்கும், இங்கிலாந்தின் கடலுக்கு அப்பாலும் அவர்களின் பெயர் போனது.

ஏப்ரல் 25, அதிகாலை. சவுதாம்ப்டனில் நிகழ்ச்சி முடித்துவிட்டு ஸ்டோர்மும் கெமியும் காரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்து வீதிகளின் நடுவில் இரவில் ஒளிரும் சிறு பிரதிபலிப்பான்கள் பதித்திருப்பார்கள், பூனைக்கண் என்பார்கள். யோர்க்ஷயர்க்காரர் பேர்சி ஷா 1930களில் கண்டுபிடித்தது. இரவில் ஓட்டுகிறவர்களின் உயிரைக் காக்கவென்று வந்த சாதனம். முன்னால் போன வான் ஒன்றினால் கழன்ற அப்படியொரு இரும்புத் துண்டு காரின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து கெமியின் உயிரை அந்த இடத்திலேயே எடுத்தது. அவருக்கு வயது 35.

இருவராகவே அறியப்பட்ட ஒரு பெயரில் பாதி போய்விட்டது. ஸ்டோர்ம் அதோடு நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நிறுத்தவில்லை. தனியாக மேடைக்குத் திரும்பினார். வினைல் போய் சீ.டி. வந்தது, சீ.டி. போய் யூ.எஸ்.பி. வந்தது, புளூ நோட் மூடியது, ஜங்கிள் செத்துவிட்டது என்று பத்திரிகைகள் பலமுறை அறிவித்தன, அவர் போட்டுக்கொண்டே இருந்தார். புதிதாக வருகிறவர்களுக்கு, பெண்களுக்குக் குறிப்பாக, வழிகாட்டியாகவும் இருந்தார். முப்பது வருடத்துக்கு மேலான தொழில் வாழ்க்கை. ஹார்ட்கோரில் தொடங்கி இன்றைய டிரம் அன்ட் பேஸ் வரை அந்த இசையின் ஒவ்வொரு வளைவிலும் இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

யார் டிஜே?

பெண்கள் இந்த உலகத்தில் இருக்கவில்லை என்பதல்ல பிரச்சினை. சிங்கப்பூரில் பிறந்த டிஜே ரேப் 1990களின் தொடக்கத்திலேயே ஹார்ட்கோரும் ஜங்கிளும் வாசித்து, தானே இசையும் செய்து, பின்னர் பெரிய நிறுவனமொன்றில் பாடகியாகவும் தொகுப்பு வெளியிட்டார். ஹவுஸ் இசையில் ஸ்மோக்கின் ஜோ 1992இல் டிஜே மாக் சஞ்சிகையின் முதலிடத்துக்கு வந்தார். கெமிஸ்ட்ரியையும் ஸ்டோர்மையும் பார்த்து வளர்ந்த டிஜே ஃபிளைட் பின்னர் பி.பி.சி. வானொலியில் நிகழ்ச்சி நடத்தினார். அவரும் மன்ட்ரா, ஸ்வீட்பீ முதலியோரும் சேர்ந்து ஈ.கியூ.50 என்ற கூட்டமைப்பை நடத்துகிறார்கள். டிரம் அன்ட் பேஸ் மேடைகளில் பெண்களுக்குச் சமபங்கு கேட்பதும், வழிகாட்டி ஒழுங்குசெய்வதும் அவர்களின் வேலை. ஸ்டோர்ம் தொடங்கி இத்தனை காலத்தின் பின்னும் சமபங்கு கேட்கவேண்டியிருக்கிறது என்றால், வழி திறந்தும் வாசல் அகலவில்லை என்றுதான் கொள்ளவேண்டும்.

இது வெள்ளைக்காரர் கதை என்று நாம் தள்ளிவிட முடியாது. என் மகள் வார இறுதிகளில் தமிழ்க் கலியாணங்களுக்கு டிஜே போடுகிறாள். சென்ற கோடையில் ஒரு மண்டபத்தில் பெரியவர் ஒருவர் அவளுடைய மேசைக்கு முன்னால் வந்து நின்று கேட்டார்:

"பிள்ளை, டிஜே தம்பி எங்க? ஒரு பழைய பாட்டுச் சொல்லோணும்."

"நான்தான் டிஜே, மாமா. என்ன பாட்டு வேணும்?"

"பரவாயில்லை அம்மா, அந்தத் தம்பி வரட்டும்."

தம்பி என்று அவர் காட்டியது ஸ்பீக்கர் வயர் சுற்றிக்கொண்டிருந்த என் மருமகனை. அவனுக்கு ஒரு பாட்டை நிறுத்தவும் தெரியாது. பெரியவர் கெட்டவர் இல்லை. மேசைக்குப் பின்னால் பெண் நின்றால் அவள் யாருக்கோ உதவிக்கு நிற்கிறாள் என்று அவர் கண் பழகியிருக்கிறது. வரலாறு எழுதுகிறவர்களின் கண்ணும் அப்படித்தான் பழகியிருக்கிறது. மெட்டல்ஹெட்ஸ் என்றால் கோல்டி. 2016இல் அவருக்கு அரச விருதும் வந்தது, தகுதியானவர், வாழ்த்துவோம். ஆனால் அவரை அந்த இசைக்குக் கூட்டிக்கொண்டு போனவர் கெமி. அந்த லேபிளைக் கட்டி எழுப்பிய கைகளில் நான்கு, அந்த இரு பெண்களின் கைகள்.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. கைத்தொலைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் அதில் வராது, தகரம் உருளும் சத்தம்தான் வரும். நல்ல ஹெட்போன் எடுங்கள். 'டிஜே கிக்ஸ்: கெமிஸ்ட்ரி அன்ட் ஸ்டோர்ம்' தொகுப்பை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் கேளுங்கள். முதலில் டிரம்ஸை விட்டுவிட்டு பேஸின் பின்னால் போங்கள், வேகம் பயமுறுத்தாது.

அதன் பிறகு யாருக்காவது ஸ்டோர்மை அறிமுகப்படுத்த நேர்ந்தால் பெண் டிஜே என்று தொடங்கவேண்டாம். மெட்டல்ஹெட்ஸைத் தொடங்கிய மூவரில் ஒருவர், இன்றும் தட்டை விட்டு இறங்காதவர் என்று சொல்லுங்கள். அதுதான் உண்மை, அதுதான் நியாயமும்.